கேள்வி – பதில்: ஒரு ஊரில் காய்க்கும் சோயா இன்னொரு ஊரில் ஏன் ஏமாற்றுகிறது?

போன இதழில் மாடித்தோட்டம் பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதும்போது, சோயாவில் ஒவ்வொரு ரகத்துக்கும் ஏற்ற ஊர் வேறு, ஊர் மாறினால் மகசூல் மாறும் என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிறைத்துவிட்டன. விவசாயம் செய்கிறவர்கள் மட்டுமில்லாமல் சென்னைக்குள் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் நிலம் வைத்திருப்பவர்களும் நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த வாரம் முழுக்க சோயாதான்.

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: திண்டிவனம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. அப்பா முதல் முறையாக சோயா போட்டார். விதைக்கடையில் "ஏக்கருக்கு பத்து குவிண்டால் போகும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். கிடைத்தது நாலரை. கடைக்காரர் பொய் சொன்னாரா, அப்பா எங்கேயாவது தப்பு செய்தாரா?

இரண்டுமே இல்லாமல் இருக்கலாம். முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அப்பா மனம் ஆறும். இந்தியா முழுமைக்கும் சோயாவின் சராசரி மகசூல் ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன், அதாவது ஏக்கருக்கு நாலு குவிண்டால். பிரேசிலிலும் அமெரிக்காவிலும் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் எடுக்கிறார்கள் என்பது வேறு கதை. முதல் தடவை சோயா போட்ட ஒருவர் நாட்டின் சராசரியைத் தாண்டியிருக்கிறார், அவரைக் குறை சொல்லாதீர்கள்.

சரி, அந்த பத்து குவிண்டால் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஆராய்ச்சிப் பண்ணையின் சோதனைப் பாத்தியிலிருந்து. சில மீட்டர் நீளத்தில் நாலைந்து வரிசை போடுவார்கள், களையைக் கையால் எடுப்பார்கள், காய் வெடித்துச் சிதறுவதற்கு முன்பே ஆள் வைத்து அறுப்பார்கள், ஓர வரிசையை ஒதுக்கிவிட்டு நடு வரிசைகளை மட்டும் எடை போட்டு, அதை ஹெக்டேர் கணக்குக்குப் பெருக்குவார்கள். அதில் ஏமாற்று எதுவும் கிடையாது. எல்லா ரகத்தையும் ஒரே தராசில் ஒப்பிட அதுதான் முறை. ஆனால் அந்த எண் அந்தப் பாத்தியின் எண், உங்கள் வயலின் எண் அல்ல.

இன்னொரு விஷயம் இருக்கிறது, அதை யாரும் கடையில் சொல்வதில்லை. சோயா தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பகுதியை வேர் முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியா மூலமாக காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. உளுந்துக்கும் தட்டைப்பயறுக்கும் துணை செய்கிற பாக்டீரியா நம் மண்ணில் தானாகவே இருக்கும். சோயாவுக்கு வேண்டியது வேறு வகை, சோயாவே பயிரிடாத மண்ணில் அது போதுமான அளவு இருக்காது. ஆராய்ச்சிப் பண்ணையில் வருஷா வருஷம் சோயா போட்டுப் போட்டு அந்த மண் பழகியிருக்கும். உங்கள் நிலம் கன்னி நிலம். சோயாவுக்கென்றே விற்கும் ரைசோபியம் பாக்டீரியா பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கரைத்து விதையில் கலந்து, நிழலில் உலர்த்திப் போட்டாரா என்று அப்பாவிடம் கேளுங்கள். அடுத்த முறை முப்பத்தைந்து, நாற்பதாம் நாளில் ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்தெடுத்து, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும், அதனால்தான் பெயர்க்கச் சொல்கிறேன். மிளகு அளவு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பிளந்தால் உள்ளே ரத்தச் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்க வேண்டும். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தாலும், முடிச்சே இல்லாவிட்டாலும், ரகத்தைத் திட்டிப் பயனில்லை.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். கடையில் கேட்க வேண்டியது "எவ்வளவு போகும்" என்பதல்ல, "மோசமான வருஷத்தில் எவ்வளவு போகும்" என்பதுதான். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சிவப்புப் பை ரகம், பச்சைப் பை ரகம் என்று இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு இடத்தில் போட்டார்கள். நல்ல கரிசலும் நல்ல மழையும் உள்ள இடம், சுமாரான இடம், மழை பாதியில் நின்ற இடம், ஆழமில்லாத செம்மண் மானாவாரி. சிவப்புப் பை ஏக்கருக்கு 11, 9, 4, 2 குவிண்டால் கொடுத்தது. பச்சைப் பை 7, 7, 6, 5. சராசரி எடுத்தால் சிவப்புக்கு 6.5, பச்சைக்கு 6.25. சராசரியை மட்டும் அச்சடித்தால் சிவப்புதான் ஜெயித்த ரகம். போர்வெல் தண்ணீரும் நல்ல மண்ணும் இருக்கிறவர் சிவப்பை வாங்கினால் சரிதான். ஆனால் கடன் வாங்கி மானாவாரியில் போடுகிறவருக்கு அந்த 2 குவிண்டால் வருஷம் ஒன்று வந்தால் போதும், வட்டி கட்டவே ஆகாது. மூன்று ஏக்கரில் உங்கள் அப்பா போட்டது இறவையா மானாவாரியா என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் எந்த ரகம் நல்லது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி: மீல் மேக்கர் நம் தமிழ்நாட்டு சோயாவில் செய்வதா?

பெரும்பாலும் இல்லை. நாட்டின் சோயாவில் பெரும்பங்கு மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் விளைகிறது, அடுத்து ராஜஸ்தான். சோயா விதையில் சுமார் 40 சதவீதம் புரதம், 20 சதவீதம் எண்ணெய். எண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சும் மாவை அழுத்தி, சூடாக்கி, பொரிய வைப்பதுதான் நீங்கள் குருமாவில் போடும் உருண்டை. அங்கே ஆடி, ஆவணியில் மழை தவறினால் சில மாதம் கழித்து நம் மளிகைக்கடையிலும் சமையல் எண்ணெய் விலையிலும் அது தெரியும்.

தாம்பரத்திலிருந்து வேளாண்மை படிக்கும் மாணவி: எங்கள் பாடத்தில் எபர்ஹார்ட்–ரஸ்ஸல் முறைப்படி சரிவு எண் 1, விலகல் பூஜ்யம் என்றால் நிலையான ரகம் என்று படித்தோம். ஆனால் இன்னொரு ஆசிரியர் சரிவு 1-க்குக் குறைவாக இருந்தால்தான் நிலையானது என்கிறார். யார் சொல்வது சரி?

மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: இடம் நல்லதாக நல்லதாக ஒரு ரகத்தின் மகசூல் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைக் காட்டும் கோட்டின் சாய்வுதான் சரிவு எண், அந்தக் கோட்டை விட்டு மகசூல் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே விலகல். இரண்டு ஆசிரியர்களும் "நிலையானது" என்ற ஒரே வார்த்தையில் இரண்டு வேறு பொருளைச் சொல்கிறார்கள் அம்மா, குழப்பம் அங்கேதான். எங்கே போட்டாலும் ஏறாமல் இறங்காமல் ஒரே மகசூல் தருவது ஒரு வகை நிலைப்பு. சூழல் நன்றாக இருந்தால் அதற்கு ஏற்றபடி ஏறி, மோசமானால் அதற்கு ஏற்றபடி மட்டும் இறங்கி, எதிர்பாராத ஆட்டம் காட்டாமல் இருப்பது இன்னொரு வகை. முதல் வகையைத் தேடினால் சரிவு பூஜ்யத்தை நெருங்க வேண்டும். இரண்டாவதைத் தேடினால் 1.

இது எங்கே தொடங்கியது என்று தெரிந்தால் புரியும். 1963-இல் ஃபின்லே, வில்கின்சன் என்ற இருவர் தென் ஆஸ்திரேலியாவில் 277 பார்லி ரகங்களைப் பல இடங்களில், பல பருவங்களில் வளர்த்து, ஒவ்வொரு இடத்திலும் எல்லா ரகங்களின் சராசரி எவ்வளவோ அதையே அந்த இடத்தின் தரமாக வைத்துக்கொண்டார்கள். மழை, மண், வெயில் என்று தனித்தனியாக அளக்காமல், பயிரையே அளவுகோலாக்கிய யோசனை அது. அந்தத் தரத்துக்கு எதிரே ஒவ்வொரு ரகத்தின் மகசூலையும் புள்ளியாக வைத்துக் கோடு போட்டு, அதன் சரிவைப் பார்த்தார்கள். 1966-இல் எபர்ஹார்ட், ரஸ்ஸல் இருவரும் அதோடு, கோட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகுகிறது என்பதையும் சேர்த்தார்கள். அந்தச் சேர்க்கை முக்கியமானது. சரிவு 1 என்று வந்தாலும் புள்ளிகள் கோட்டுக்கு மேலும் கீழும் சிதறிக் கிடந்தால், அந்த ரகம் அடுத்த ஊரில் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, தேர்வில் கேட்க மாட்டார்கள், வேலைக்குப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். மேலே சொன்ன சிவப்பு, பச்சை கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் சராசரி நாலு இடத்திலும் 9, 8, 5, 3.5. இதை வைத்துச் சரிவு போட்டால் சிவப்புக்கு 1.64, பச்சைக்கு 0.36 வருகிறது, தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். "பச்சை அசையாத ரகம்" என்று எழுதத் தோன்றும். இப்போது சிவப்பை எடுத்துவிட்டு, எங்கே போட்டாலும் 6 குவிண்டால் மட்டுமே தரும் வெள்ளைப் பை ரகத்தைப் பச்சைக்குப் பக்கத்தில் வையுங்கள். சராசரி 6.5, 6.5, 6, 5.5 என்று மாறும். பச்சையின் சரிவு இப்போது 2! அதே விதை, அதே வயல், அதே 7, 7, 6, 5. பக்கத்தில் நிற்பது மாறியதும் அசையாத ரகம் துள்ளுகிற ரகமாகிவிட்டது. ரகங்கள் எண்ணிக்கை கூடக்கூட இந்தக் குறை மட்டுப்படும், இரண்டை வைத்து யாரும் ஆய்வு செய்ய மாட்டார்கள். ஆனாலும் பத்துப் பன்னிரண்டு ரகம் மட்டும் உள்ள ஆய்வுக் கட்டுரையில் "சரிவு 0.8, ஆகவே மானாவாரிக்கு ஏற்றது" என்று படித்தால், எவற்றோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

ஆமி (AMMI) என்ற இன்னொரு கணக்கு முறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது சோயாவோடு நெருக்கமான முறை. 1988-இல் ஸோபல், ரைட், காஃக் மூவரும் அதை விளக்கக் கையாண்டதே நியூயார்க் மாநிலத்து சோயா சோதனைகளைத்தான். ரகத்தின் பங்கு, இடத்தின் பங்கு இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதை ஒரே கோடாக நசுக்காமல், அதிலுள்ள முக்கியமான போக்குகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். எந்த ரகம் எந்த ஊரோடு ஒத்துப்போகிறது என்று படத்தில் கண்ணால் பார்க்கலாம். ஆனால் படம் காரணம் சொல்லாது. ஒரு ஊர் ஒதுங்கி நிற்கிறது என்றால் அது துரு நோயாலா, தண்ணீர் தேங்கியதாலா என்று அந்த ஊரின் வயல் குறிப்பேட்டைப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் கணினியில் போடுவதற்கு முன் நோட்டில் ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு கோடு வரைந்து, கோடுகள் எங்கே ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று பாருங்கள். வெட்டிக்கொண்டால்தான் ரகத்தை மாற்ற வேண்டிய அவசியமே வருகிறது. வெட்டிக்கொள்ளாமல் இடைவெளி மட்டும் கூடிக் குறைந்தால் எல்லா ஊருக்கும் ஒரே ரகம் போதும்.

மாடம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி: மளிகைக்கடையில் வாங்கிய சோயாவை மாடியில் பைகளில் புரட்டாசியில் விதைத்தேன். ஒரு சாண் வளர்வதற்குள் பூத்து, செடிக்கு ஏழெட்டு காய்தான் வந்தது. ஆனால் மூலையில் தெருவிளக்குப் பக்கம் இருந்த இரண்டு பை மட்டும் பூக்காமல் தளதளவென்று வளர்ந்துகொண்டே போனது. விளக்குக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கடிதத்தைப் படித்து நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். ஒரு ரகம் ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது என்பதற்கான பெரிய காரணத்தை உங்கள் மாடியிலேயே, இரண்டு பையில் பார்த்துவிட்டீர்கள்.

சோயா இரவின் நீளத்தை அளக்கிற செடி. இரவு ஒரு அளவுக்கு மேல் நீண்டால் பூக்கத் தயாராகிவிடும். தெருவிளக்கு வெளிச்சம் பட்ட செடிக்கு இரவு முடிந்த மாதிரியே தெரியவில்லை, அதனால் அது இலை விட்டுக்கொண்டே இருந்தது. இதை முதன்முதலில் தெளிவாகப் பிடித்தவர்கள் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர், 1920-இல் எழுதினார்கள். பிலாக்ஸி என்ற சோயா ரகத்தை வாஷிங்டன் பக்கத்தில் தேதி தள்ளித் தள்ளி விதைத்தார்கள். முதலில் விதைத்ததும் கடைசியில் விதைத்ததும் செப்டம்பர் வாக்கில் ஏறக்குறைய ஒன்றாகப் பூத்தன. செடி வயதைப் பார்க்கவில்லை, பகல் இரவின் நீளத்தைப் பார்த்தது.

உங்கள் மளிகைக்கடை சோயா அநேகமாக மத்தியப் பிரதேசத்தில் விளைந்தது. இந்தூரில் ஜூன் கடைசியில் பகல் கிட்டத்தட்ட பதிமூன்றரை மணி நேரம். சென்னையில் வருஷத்தின் மிக நீண்ட பகலே பதிமூன்று மணி நேரத்தைத் தொடாது, நீங்கள் விதைத்த புரட்டாசியிலோ பன்னிரண்டு மணிக்குக் கீழே இறங்க ஆரம்பித்திருக்கும். அங்கே முழங்காலுக்கு மேல் வளர்ந்து பூக்கும் ரகம் இங்கே "சரி, நேரம் வந்துவிட்டது" என்று ஒரு சாணிலேயே பூத்துவிட்டது. இலை போதாத செடி காயை எதைக் கொண்டு நிரப்பும்? உங்கள் உரமோ தண்ணீரோ காரணமில்லை.

அமெரிக்காவில் இதற்காகவே ரகங்களை 000, 00, 0, பிறகு 1 முதல் 10 வரை என்று பதின்மூன்று முதிர்ச்சிக் குழுவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் வடக்கு தெற்காக ஒரு குறுகிய பட்டைக்குத்தான் பொருந்தும். அப்படியானால் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சோயாவே வராதா? ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். பிரேசிலில் தெற்குக் கோடியில் மட்டும் இருந்த பயிரை, நாள் குறுகினாலும் அவசரப்பட்டுப் பூக்காமல் முதலில் உடம்பை வளர்த்துக்கொள்ளும் குணமுள்ள ரகங்களைத் தேர்ந்தெடுத்து, வடக்கே மாட்டோ கிராஸோ வரை கொண்டுபோனார்கள். அங்கே சோயாவுக்குப் பேர்போன சோரிசோ என்ற ஊர் தெற்கே ஏறத்தாழ பன்னிரண்டரை டிகிரியில் இருக்கிறது. நம் சென்னை வடக்கே பதிமூன்று. அந்தக் குணத்துக்குக் காரணமான ஜே மரபணுவை 2017-இல்தான் அடையாளம் கண்டார்கள், ஆனால் ரகம் தேர்ந்தெடுத்தவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே செடியைப் பார்த்தே வேலையை முடித்துவிட்டார்கள்.

உங்களுக்குச் செய்ய முடிவது இதுதான்: கோவை வேளாண் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டுக்கென்று வெளியிட்ட கோ வரிசை சோயா விதை கிடைத்தால் அதைப் போடுங்கள், ஆனி கடைசி, ஆடியில் போடுங்கள். மளிகை சோயாதான் கையில் இருக்கிறது என்றால் ஒரு பையில் இரண்டுக்குப் பதில் நாலு செடி விடுங்கள். குட்டைச் செடி நெருக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். அந்த விளக்கு மூலையில் சோயா வேண்டாம், வெண்டை வையுங்கள்.

அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகர்: விஞ்ஞானிகள் நாடு முழுக்க ஒத்துவரும் ஒரே ரகத்தை உருவாக்கினால் இந்தத் தொல்லையே இல்லையே? எதற்கு வருஷா வருஷம் புது ரகம்?

கிட்டத்தட்ட அப்படி ஒன்று வந்தது ஐயா. ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜேஎஸ் 335, 1994-இல் வெளியானது. பல மாநிலங்களில் ஒத்துப்போனது, விவசாயிகள் அள்ளிக்கொண்டு போனார்கள், நாட்டின் சோயா பரப்பில் பெரும்பகுதி வருஷக்கணக்கில் அந்த ஒரே ரகத்தின் கையில் இருந்தது. அதற்கு நான் மரியாதை கொடுக்கிறேன், அந்த ரகம் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. ஆனால் ரகம் அப்படியே இருந்தாலும் சூழல் அப்படியே இருக்காது. மஞ்சள் தேமல் நோய் வந்தது, தாங்க முடியவில்லை. நூறு நாளை நெருங்கும் ரகம் அது, மழை சீக்கிரம் விலகிய வருஷங்களில் காய் நிரம்பும் நேரத்தில் தண்ணீரில்லாமல் தவித்தது. அப்போது தொண்ணூறு நாளுக்குள் முடியும் ஜேஎஸ் 95-60, ஜேஎஸ் 20-34 மாதிரி ரகங்களுக்கு மாறினார்கள். அவை வறட்சியைத் தாங்கியதை விட, வறட்சி வருவதற்கு முன்பே முடித்துக்கொண்டு போய்விட்டன என்று சொல்வதுதான் சரி. நல்ல மழை நீண்ட வருஷத்தில் அதே குறுகிய கால ரகம் வயலில் ஈரம் மிச்சமிருக்கும்போதே முதிர்ந்துவிடும், அறுவடைக்கு முன் மழையில் நனைந்து விதை கெடும்.

1967 முதல் அகில இந்திய ஒருங்கிணைந்த சோயா ஆராய்ச்சித் திட்டம் நடக்கிறது, நாட்டை மண்டலங்களாகப் பிரித்து ரகங்களைச் சோதிக்கிறார்கள், தமிழ்நாடு தெற்கு மண்டலத்தில் வருகிறது. மண்டலத்துக்குள்ளும் கர்நாடகத்தின் வடபகுதியும் நம் செங்கல்பட்டும் ஒன்றல்ல. நமக்கு வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. ஆடியில் போட வேண்டியதை ஆவணிக்குத் தள்ளினால் காய் காயும் நேரம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாட்டும். இந்தூரில் நிலையான ரகம் என்று பேர் வாங்கியது இந்த மழையைப் பார்த்ததே இல்லை. அதனால் உங்கள் ஊரில் சோயா போடுகிறவர் யாராவது கேட்டால், முழு நிலத்துக்கும் ஒரே ரகம் வேண்டாம் என்று சொல்லுங்கள். பத்து நாள் முன்பின் முதிரும் இரண்டு ரகத்தைப் பாதிப் பாதியாகப் போட்டால் ஒரே மழையில் இரண்டும் போகாது.

போரூரிலிருந்து ஒரு வாசகர்: ஆடிப்பட்டத்துக்கு இப்போதே விதை வாங்கி வைக்கலாமா?

வாங்கலாம், ஆனால் சோதிக்காமல் விதைக்காதீர்கள். சோயா விதை முளைப்புத்திறனை வெகு சீக்கிரம் இழக்கும், அதிலும் சென்னையின் புழுக்கத்தில் சாக்கில் கிடந்தால் கேட்கவே வேண்டாம். மேல் தோல் மெலிசு, மூட்டையைத் தூக்கிப் போட்டாலே உள்ளே அடிபடும். ரகம் மோசம் என்று பழி விழும் பல வயல்களில் நடந்தது பாதி விதை முளைக்காததுதான்.

எண்ணி நூறு விதை எடுங்கள், பொறுக்கி எடுக்க வேண்டாம், கைக்கு வந்தது வரட்டும். நனைத்துப் பிழிந்த கோணிச்சாக்கில் பத்துப் பத்தாக வரிசை வைத்து, சுருட்டி, நிழலில் நிறுத்தி, காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஏழெட்டு நாளில் பிரித்துப் பார்த்து வேரும் குருத்தும் முழுசாக வந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். வேர் மட்டும் எட்டிப் பார்ப்பதையும் பருப்பு உடைந்ததையும் சேர்க்காதீர்கள். சான்று விதைக்கு 70 சதவீதம் முளைக்க வேண்டும் என்பது விதி. அதற்குக் கீழே என்றால் ரசீதையும் பையில் உள்ள சீட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள். வாங்கிய அன்று ஒரு முறையும் விதைப்புக்குப் பத்து நாள் முன்பு ஒரு முறையும் இதைச் செய்ய வேண்டும். நடுவில் மூட்டையைப் பலகை மேல், சுவரில் ஒட்டாமல், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், அதன் மேல் வேறு மூட்டை எதையும் அடுக்காதீர்கள்.